இருக்கைக் கணக்கும் வாசல் கணக்கும்: கொரோனாக் காலத்தில் கால்பந்து மைதானங்கள் திறந்த விதம்

2021 ஜூன் 18 இரவு லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய யூரோ கோப்பை ஆட்டம் கோல் விழாமலே முடிந்தது. அந்த மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. ஜூன் 11 முதல் 28 வரை தொற்று உறுதியானவர்களில் 1,991 பேர், நோயைப் பரப்பக்கூடிய நாட்களில் யூரோ தொடர்பான ஏதாவது ஒரு கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் 1,294 பேர் லண்டன் போனவர்கள். வெம்பிளிக்குள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களோ 397 பேர்தான். மீதிச் சுமார் 900 பேர் மைதானத்துக்குள் கால் வைக்கவே இல்லை. ரயிலிலும் பேருந்திலும் போய், ஊர்ச் சதுக்கங்களிலும் பப்களிலும் கூடிவிட்டுத் திரும்பியவர்களாக இருக்க வேண்டும்.

இதை வைத்து "மைதானம் பத்திரம், மதுக்கடைதான் ஆபத்து" என்று தீர்ப்பெழுத முடியாது. யாருக்கு எங்கே தொற்றியது என்பதை இந்த எண்கள் சொல்லவில்லை. ஆனால் 2020 கோடை முதல் மைதானங்களைத் திறக்கத் திட்டமிட்டவர்கள் படிப்படியாகக் கண்டுகொண்ட ஒன்றை இவை பளிச்சென்று காட்டுகின்றன. ரசிகர் இருக்கையில் இருக்கும் 90 நிமிடங்கள்தான் திட்டமிட மிகச் சுலபமான பகுதி. வீட்டுக் கதவிலிருந்து இருக்கை வரையிலும், இருக்கையிலிருந்து மறுபடி வீடு வரையிலும் உள்ள நேரம்தான் கைக்குள் அடங்காதது. செய்திகளில் அடிபட்ட "கால்வாசி ரசிகர்களுக்கு அனுமதி" என்பதன் பின்னால் இருந்த கணக்கையும் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரியும். இங்கிலாந்தின் அனுபவம்தான் இதில் அதிகம் பதிவாகியிருக்கிறது. அதையே மையமாக வைத்துக்கொள்வோம்.

மூடும் முன் நடந்த இரண்டு ஆட்டங்களை நினைவூட்டினால் போதும். 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் பெர்கமோ நகரத்து அணியான அட்லாண்டா, ஸ்பெயினின் வலென்சியாவை மிலானின் சான் சிரோ மைதானத்தில் சந்தித்தது. கூட்டம் சுமார் 44,000. சொந்த ஊர் மைதானம் சிறியது என்பதால், பெர்கமோ ரசிகர்கள் பேருந்திலும் ரயிலிலும் நெருக்கியடித்துக்கொண்டு மிலானுக்குப் போனார்கள். சில வாரங்களில் பெர்கமோ ஐரோப்பாவின் மிக மோசமான தொற்று மையமானது. மார்ச் 11 அன்று லிவர்பூலில் அட்லெட்டிகோ மாட்ரிட் ஆடியபோது 52,000 பேர் கூடினார்கள். அவர்களில் சுமார் 3,000 பேர் மாட்ரிட்டிலிருந்து வந்தவர்கள். ஸ்பெயினில் ஆட்டங்களை ரசிகர்கள் இல்லாமல் நடத்த ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். தங்கள் ஊரில் மைதானத்துக்குள் நுழைய முடியாத ரசிகர்கள் வெளிநாட்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே நாளில்தான். இரண்டு நாளில் இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் நின்றது. ஜூன் 17 அன்று அது திரும்பி வந்தபோது கேலரிகள் காலி.

பச்சைப் புத்தகம்

இங்கிலாந்தில் ஒரு மைதானத்துக்குள் எத்தனை பேரை விடலாம் என்பதை கிளப் முடிவு செய்வதில்லை. உள்ளூர் நிர்வாகம் தரும் பாதுகாப்புச் சான்றிதழ்தான் முடிவு செய்கிறது. அதற்கான இலக்கணம் "கிரீன் கைடு" என்ற வழிகாட்டி. 1971-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தபின் 1973-ல் முதலில் வந்தது. 1989-ல் ஹில்ஸ்பரோவில் 97 உயிர்களைப் பறித்த நெரிசலுக்குப் பின் இன்னும் இறுகியது. ஆக, நெரிசலில் மனிதர்கள் நசுங்கிச் சாகாமல் பார்ப்பதற்காக எழுதப்பட்ட நூல் அது. இப்போது அதையே வைத்துக்கொண்டு காற்றில் பரவும் கிருமிக்கும் கணக்குப் போட வேண்டி வந்தது. விளையாட்டு மைதானப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் சமூக இடைவெளிக்கென்று தனித் துணை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

கிரீன் கைடு ஒரு மைதானத்துக்கு நான்கு கொள்ளளவுகளைத் தனித்தனியே கணக்கிடச் சொல்கிறது: உட்கார எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது, வாசல் வழியே ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வர முடியும், சாதாரணமாக எத்தனை பேர் வெளியேற முடியும், தீ போன்ற அவசரத்தில் எத்தனை பேர் தப்ப முடியும். நான்கில் எது குறைவோ அதுதான் அனுமதி. 30,000 இருக்கை இருந்தாலும் வாசல் 22,000 பேரைத்தான் தாங்கும் என்றால் 22,000தான். உட்காரும் கொள்ளளவிலும் ஒரு வெட்டு உண்டு. கட்டடத்தின் நிலைக்கு ஒன்று, நிர்வாகத்தின் தரத்துக்கு ஒன்று என்று 0 முதல் 1 வரை இரண்டு மதிப்பெண்கள் போட்டு, இரண்டில் குறைந்ததை இருக்கை எண்ணிக்கையோடு பெருக்குவார்கள். அனுபவமுள்ள ஸ்டீவர்டுகள் (கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் மைதான ஊழியர்கள்) போதவில்லை என்றால் நிர்வாக மதிப்பெண் இறங்கும், இருக்கைகளும் அதோடு இறங்கும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததில் பல ஸ்டீவர்டுகள் வேறு வேலைக்குப் போய்விட்டதால், இந்த மதிப்பெண் வெறும் ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை.

நாற்காலிக் கணக்கு

ஒரு இருக்கையின் அகலம் 50 செ.மீ., முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நவீன மைதானங்களில் ஏறக்குறைய இதுதான் அளவு. பழைய ஸ்டாண்டுகளில் இருக்கை 46 செ.மீ. வரை குறுகும்.

2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றால் பக்கவாட்டில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே 3 இருக்கைகள் காலியாக இருக்க வேண்டும். முன்பின்னாக ஒரு வரிசை விட்டால் 1.6 மீட்டர்தான் கிடைக்கும், போதாது. இரண்டு வரிசைகளைக் காலியாக விட்டால் 2.4 மீட்டர். அதாவது 12 இருக்கைக்கு ஒருவர், சுமார் 8 சதவீதம். வரிசைக்கு வரிசை கோணலாக மாற்றி அடுக்கினாலும் 11-க்கு ஒருவர் என்ற அளவுக்குத்தான் வரும். 30,000 பேர் மைதானத்தில் 2,500 பேர்.

இடைவெளியை 1 மீட்டராகக் குறைத்தால் பக்கத்தில் ஒரு இருக்கையும் பின்னால் ஒரு வரிசையும் விட்டால் போதும். 4-க்கு ஒருவர், 25 சதவீதம். ஒரு மீட்டரில் மூன்று மடங்கு வித்தியாசம்! அரசியல்வாதிகளும் கிளப்களும் 2 மீட்டரா 1 மீட்டரா என்று அடித்துக்கொண்டதன் பின்னணி இதுதான்.

அடுத்தது குழுக் கணக்கு. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒட்டி உட்காரலாம். எனவே தனி ஆளுக்குப் பதில் நால்வர் குடும்பத்தை வைத்தால், 2 மீட்டர் விதியிலும் 21 இருக்கைக்கு 4 பேர், 19 சதவீதம். 1 மீட்டர் விதியில் 10-க்கு 4 பேர், 40 சதவீதம். இருவராக வந்தால் முறையே 13-ம் 33-ம். ஒரு மைதானம் எவ்வளவு நிறையும் என்பதை கட்டடத்தைவிட டிக்கெட் வாங்குபவர்களின் குடும்ப அளவு அதிகம் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை. கால்பந்து ரசிகர்களில் பலர் தனியாகவோ, வேறு வீட்டில் இருக்கும் நண்பரோடோ வருபவர்கள். காகிதத்தில் 35 சதவீதம் காட்டிய வரைபடம் டிக்கெட் விற்றபின் அதைவிடக் கீழே வந்து நின்றால் அதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான். நால்வருக்கு ஒதுக்கிய இடத்தை இருவருக்கு விற்றுவிட்டால் அந்த இரண்டு இருக்கைகள் போனது போனதுதான். ஆகவே கட்டங்களை முதலில் வரைந்து டிக்கெட்டை அதில் திணிப்பதைவிட, முதலில் குழு அளவுகளோடு பெயர்ப்பதிவு வாங்கி, குலுக்கல் நடத்தி, பின் மென்பொருளால் கட்டம் வரைவதுதான் சரியான வரிசை. சீசன் டிக்கெட்காரருக்கு இருபது வருடமாக உட்காரும் சொந்த இருக்கை கிடைக்காது. அதனால் வரும் சண்டையையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தில் தெரியாத இன்னொன்று நடைவழி. வரிசையின் நடுவில் இருப்பவர் தன் இடத்துக்குப் போக, ஓரத்தில் இருப்பவரின் முழங்காலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த இடுக்கு 30 முதல் 40 செ.மீ. எனவே நடு இருக்கைக்காரர்களை முதலில் விடவேண்டும், வெளியேறும்போது ஓரத்திலிருந்து எழுப்பவேண்டும். படிக்கட்டை ஒட்டிய இருக்கைகளைக் காலியாக விடவேண்டும், இல்லையென்றால் மேலே ஏறுபவர் ஒவ்வொருவரும் அங்கே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேரே மூச்சு விட்டுக்கொண்டு போவார். பயன்படுத்தாத இருக்கைகளை மடித்து பிளாஸ்டிக் டையால் கட்டிவிட்டார்கள். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் கோல் விழுந்ததும் ரசிகர் எந்த இருக்கையில் இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாசலில் என்ன நடக்கிறது

கிரீன் கைடு ஒரு டர்ன்ஸ்டைல் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் வாசல்) வழியே மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்று வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஐந்தரை வினாடி. பெருந்தொற்றில் இதே வாசலில் அடையாள அட்டை, பரிசோதனை முடிவு, முகக்கவசம், உடல்நலக் கேள்விகள் எல்லாம் சேர்ந்தன. ஒருவருக்கு 10 வினாடி ஆகும் என்று வைத்தாலும் மணிக்கு 360 பேர்தான். 20 வாசல்கள் திறந்திருக்கும் மைதானத்துக்கு 10,000 பேர் வந்தால் வாசலுக்கு 500 பேர், கிட்டத்தட்ட 1 மணி 25 நிமிடம். அந்த 500 பேரும் ஒரே நேரத்தில் வந்து, தனித்தனியாக 2 மீட்டர் விட்டு நின்றால் வரிசையின் நீளம் 1 கிலோமீட்டர். இருபது வாசலுக்கும் சேர்த்து 20 கிலோமீட்டர். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு போல வீட்டு வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் அந்த வரிசையை எங்கே நிறுத்துவது?

இதற்கு விடை நேரத்தைப் பிரிப்பதுதான். டிக்கெட்டிலேயே வாசல் எண்ணும் அரை மணி நேர வருகை நேரமும் அச்சடித்தார்கள். சொல்வது எளிது. இங்கிலாந்து ரசிகரின் பழக்கம் கடைசி நிமிடம் வரை பப்பில் இருந்துவிட்டு ஆட்டம் தொடங்க 20 நிமிடம் இருக்கும்போது வாசலுக்கு வருவது. ஒரு ரயில் தாமதமானால் மூன்று வருகை நேரங்கள் ஒன்றாகிவிடும். நேரம் தவறி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அவர் வாசலிலேயே நின்று வாதாடுவார், கூட்டம் இன்னும் சேரும். நடைமுறையில் ஸ்டீவர்டுகள் கண்டும் காணாமல் விட்டுவிடுவதுதான் நடக்கும். அது தப்பும் இல்லை.

சோதனையை வாசலில் வைக்காமல் 50, 100 மீட்டர் தள்ளி வெளிவட்டத்தில் வைப்பது அதைவிட நல்ல தீர்வு. ஆவணம் இல்லாதவரை அங்கேயே பக்கவாட்டில் ஒதுக்கிவிடலாம், டர்ன்ஸ்டைல் தன் வேகத்தில் சுற்றும். ஆனால் வெளியே அசையாமல் நிற்கும் நீண்ட வரிசை தீவிரவாதத் தாக்குதலுக்கு வசதியான இலக்கு என்ற எச்சரிக்கையும் இதனோடு வரும். அப்புறம் கைபேசிச் சிக்கல்கள்: ஒரே இடத்தில் பல ஆயிரம் பேர் கூடியதும் இணையம் படுத்துவிடும், மாலை வெயிலில் திரையே தெரியாது, பேட்டரி செத்துப்போகும். டிக்கெட்டையும் சான்றையும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லும் மின்னஞ்சலை இரண்டு நாள் முன்பே அனுப்பிய கிளப்களுக்கு வாசலில் தலைவலி பாதியாகும்.

வெளியேறும் கணக்கு நேர்மாறானது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்பது கிரீன் கைடின் அளவு. உட்காரும் இடத்திலிருந்து தடையில்லாத வெளிவழியில் சேர 8 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. 2 மீட்டர் அகல வாசலில் 8 நிமிடத்தில் 1,312 பேர் போகலாம். கால்வாசிக் கூட்டத்துக்கு இது தாராளம். ஆகவே இங்கே மெதுவாக்குவதுதான் வேலை: ஒலிபெருக்கியில் சொல்லி, வரிசை வரிசையாக எழுப்பி அனுப்ப வேண்டும். சொந்த அணி மூன்று கோல் வாங்கியிருந்தால் 80-வது நிமிடத்திலேயே பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: தீயோ வெடிகுண்டு மிரட்டலோ வந்தால் இடைவெளி விதியும் ஒருவழிப்பாதை அம்புக்குறியும் அந்த நொடியே ரத்து. இதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லாவிட்டால், அம்புக்குறிக்குக் கட்டுப்பட்டு அருகில் இருக்கும் கதவை விட்டுவிட்டுத் தூரத்துக் கதவுக்குக் கூட்டத்தை ஓட்டும் ஸ்டீவர்டு ஒருவராவது இருப்பார்.

இடைவேளை 15 நிமிடம்

ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் கூடத்தைக் கவனியுங்கள். மேலே வானம் திறந்திருக்கும் கேலரியில் மூச்சுக்காற்று கலைந்துவிடும். கீழே கான்கிரீட் கூரை, தாழ்வான உத்தரங்கள், கழிப்பறை, தின்பண்டக் கடை, பீர் கவுண்டர். முதல் பாதி முடிந்ததும் ஸ்டாண்டில் பாதி இங்கே இறங்கும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு சட்டமும் துணை. மைதானப் புல்தரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆட்டத்தின்போது மது அருந்தக்கூடாது என்று 1985-ல் ஒரு சட்டம் வந்தது. ரசிகர் சண்டைகளை அடக்கப் போட்டது. அதன் விளைவாக, பீர் வேண்டுமென்றால் அடைந்த கூடத்துக்குள் போய் 15 நிமிடத்தில் குடித்து முடிக்கவேண்டும். கிருமிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது.

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்ட் 22 அன்று லைப்சிக் நகரின் உள்ளரங்கம் ஒன்றில் சுமார் 1,400 தன்னார்வலர்களை வைத்து ஒரு இசை நிகழ்ச்சியையே ஆய்வாக நடத்தியது. ஒவ்வொருவர் கழுத்திலும் யாரோடு எவ்வளவு நேரம் நெருங்கினார் என்று பதியும் கருவி தொங்கியது. கைகளில் ஒளிரும் கிருமிநாசினி தடவி, எந்த இடங்களைத் தொட்டார்கள் என்று பின்னர் புறஊதா விளக்கில் பார்த்தார்கள். அதிகத் தொடர்பு ஏற்பட்டது உள்ளே நுழையும்போதும் இடைவேளையிலும்தான், பாட்டுக் கேட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் இல்லை. காற்றோட்டம் சரியில்லையென்றால் ஆபத்து பல மடங்காகும் என்பதும் அதில் தெரிந்தது. ஜெர்மானிய லீக் கிளப்கள் அதே ஆகஸ்டில் எடுத்த முடிவுகளை இதோடு வைத்துப் பார்க்கலாம். அக்டோபர் கடைசி வரை மதுவும் நின்று பார்க்கும் கேலரியும் கிடையாது, ஆண்டு முடியும் வரை வெளியூர் அணி ரசிகர்கள் கிடையாது, ஒவ்வொரு டிக்கெட்டிலும் பெயர். நான்கில் ஒன்றுகூட இருக்கை இடைவெளியைப் பற்றியது இல்லை.

கூடத்தைச் சமாளிக்க மலிவான வழிகள் உண்டு. கடைகளை மூடுவது, அல்லது ஆட்டம் தொடங்குமுன் மட்டும் திறப்பது. இருக்கைக்கே கொண்டு வந்து தருவது. கழிப்பறையில் சிறுநீர்ப் பீங்கான்களை ஒன்றுவிட்டு ஒன்று அடைப்பது. அடைத்தால் வரிசை இரட்டிப்பாகும், அந்த வரிசையும் அதே கூடத்தில்தான் நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதைவிட, ஆட்டத்தின் நடுவிலேயே போய்வர ரசிகரைத் தூண்டுவது நல்லது. காற்று எப்படி என்று அறிய கரியமிலவாயு மானி ஒன்றை மாட்டினால் போதும். வெளிக்காற்றில் 400 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 400 பங்கு) ஒட்டி இருக்கும். கூடத்தில் 1,500-ஐத் தாண்டினால் மற்றவர் விட்ட மூச்சைத்தான் நாம் இழுக்கிறோம் என்று பொருள். அடைத்து வைக்கும் கதவுகளைத் திறந்து வைத்தால் எண் இறங்கும். ஆனால் அவற்றில் சில தீத்தடுப்புக் கதவுகள். திறந்து வைக்கக் கூடாதவை. காற்றுக்கும் தீக்கும் நடுவே தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுக் கதவு கதவாகப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பலரும் மறந்துபோவது தண்ணீர்க் குழாய். ஐந்தாறு மாதம் ஓடாமல் நின்ற குழாய்களில் லீஜியோனெல்லா பாக்டீரியா வளரும். கொரோனாவைத் தடுக்கக் கைகழுவப் போன ரசிகருக்கு வேறொரு நிமோனியாவைக் கொடுத்து அனுப்பாமல் இருக்க, திறக்குமுன் எல்லாக் குழாயையும் ஓடவிட்டு, நீரைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

திறந்ததும் மூடியதும்

முதல் பெரிய ஒத்திகை 2020 ஆகஸ்ட் 29 அன்று, பிரைட்டன் – செல்சீ நட்பு ஆட்டம். சுமார் 30,000 பேர் மைதானத்தில் 2,500 பேர். மேலே பார்த்த 12-க்கு ஒன்று கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. செப்டம்பர் 19 அன்று கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் சிலவற்றில் தலா 1,000 பேர் வரை. அக்டோபர் 1 முதல் பரவலாகத் திறக்கும் திட்டம் செப்டம்பர் 22 அன்றே கைவிடப்பட்டது. தொற்று ஏறிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் இதே தடுமாற்றம் இன்னும் சுருக்கமாக நடந்தது: வாரத்துக்கு லட்சம் பேரில் 35-க்கு மேல் தொற்று இருந்தால் ரசிகர்கள் கூடாது என்பது விதி. செப்டம்பர் 18 அன்று பேயர்ன் மியூனிக் 7,500 பேருக்குத் தயாராக இருந்தது. நகரத்தின் எண் 47-ஐத் தாண்டியதால் முந்தின நாள் எல்லாம் ரத்து.

டிசம்பர் 2 முதல் இங்கிலாந்தில் பகுதிவாரி விதி. தொற்று மிகக் குறைந்த பகுதியில் 4,000, நடுத்தரப் பகுதியில் 2,000, மோசமான பகுதியில் யாரும் இல்லை. மைதானத்தின் பாதி அதைவிடக் குறைவென்றால் அந்தப் பாதிதான் வரம்பு. டிசம்பர் 3 அன்று அர்சனல் மைதானத்தில் 2,000 பேர் ரேப்பிட் வியன்னாவுடனான ஆட்டத்தைப் பார்த்தார்கள். 60,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கும் 2,000, சின்ன ஊர் மைதானத்துக்கும் 2,000 என்ற இந்த ஒற்றை எண் பொறியியல்படி அபத்தம். எண் வைத்தவர்கள் மைதானத்தை நினைக்கவில்லை, ஊரின் ரயிலையும் தெருவையும் நினைத்தார்கள் என்று புரிந்துகொண்டால்தான் அதில் கொஞ்சம் நியாயம் தெரியும். ஆல்ஃபா வகை பரவியதில் ஆண்டு முடிவதற்குள் பிரீமியர் லீக் கேலரிகள் எல்லாம் மறுபடி காலி.

2021 வசந்தத்தில் அரசே ஒரு ஆராய்ச்சித் திட்டமாக நிகழ்ச்சிகளை நடத்தியது. ஏப்ரல் 18 எஃப்ஏ கோப்பை அரையிறுதிக்கு 4,000 பேர், ஏப்ரல் 25 லீக் கோப்பை இறுதிக்கு 8,000, மே 15 எஃப்ஏ கோப்பை இறுதிக்குச் சுமார் 20,000. உள்ளே வர ஆட்டத்துக்கு முன் எடுத்த விரைவுப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று காட்ட வேண்டும். முன்னும் பின்னும் பிசிஆர் பரிசோதனை செய்து அனுப்பவும் கேட்டுக்கொண்டார்கள். முதல் கட்ட நிகழ்ச்சிகளில் மொத்தம் 58,000 பேர், கண்டறிந்த தொற்று 28. பத்திரிகைகள் இந்த 28-ஐப் பெரிய எழுத்தில் போட்டன. இரண்டு பிசிஆரையும் அனுப்பியவர்கள் சுமார் 15 சதவீதம்தான் என்பது உள்ளே புதைந்திருந்தது. அந்த நேரத்தில் நாட்டிலேயே தொற்று அடிமட்டத்தில் இருந்தது. ஆபத்து குறைவு என்பதற்கான சான்றாக இதைக் காட்டியவர்கள் உண்மையில் காட்டியது, எண்ணுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான்.

இந்தியாவில் கதை வேறு. 2021 பிப்ரவரி 13 அன்று சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டுக்கு 50 சதவீத ரசிகர்கள் வந்தார்கள். ஐஎஸ்எல் கால்பந்து லீகுக்கோ இரண்டு சீசன் முழுக்கக் கோவாவில் ரசிகர் இல்லாத மூடிய வளையம்தான். 2022 மார்ச் 20 ஐஎஸ்எல் இறுதிப் போட்டிக்குத்தான் ஃபட்டோர்டா மைதானத்தின் கேலரி திறந்தது.

யூரோ: ஒரே கோப்பை, வெவ்வேறு விதிகள்

2021 ஜூன், ஜூலையில் 11 நகரங்களில் நடந்த யூரோ, திட்டமிடாத ஒரு ஒப்பீட்டு ஆய்வாக அமைந்தது. மியூனிக்கில் சுமார் 14,000 பேர், கிளாஸ்கோவில் 12,000, புடாபெஸ்டில் வரம்பே இல்லை. அங்கே ஹங்கேரியின் ஆட்டங்களில் 55,000-க்கும் மேல் கூடினார்கள். உள்ளூர்க்காரருக்குத் தடுப்பூசி அட்டை, வெளிநாட்டவருக்குப் பிசிஆர், கையில் பட்டை கட்டி உள்ளே அனுப்பினார்கள். கோபன்ஹேகனில் டென்மார்க் – பெல்ஜியம் ஆட்டத்துக்குப் பின் டெல்டா வகைத் தொற்று சிலரிடம் தெரிந்ததும், குறிப்பிட்ட பகுதிகளில் உட்கார்ந்திருந்த சுமார் 4,000 பேரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். பெயரும் இருக்கை எண்ணும் உள்ள டிக்கெட்டின் பயன் இதுதான். பப்பில் நின்றவருக்கு இருக்கை எண் கிடையாது. சென்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பேருந்துகளில் திரும்பிய பின்லாந்து ரசிகர்களிடையே நூற்றுக்கணக்கில் தொற்று தெரிந்தபின், உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகமும் மைதானத்தைத் தாண்டிப் பயணத்தையும் பாரையும் பார்க்கச் சொன்னது.

வெம்பிளியில் முதல் சுற்றுக்கு 22,500 பேர் வரை என்று தொடங்கிய வரம்பு, அரையிறுதிக்கும் இறுதிக்கும் 60,000-ஐத் தாண்டியது. ஜூலை 11 இறுதிப் போட்டியின் அதிகாரப்பூர்வக் கூட்டம் 67,173. பிந்தைய கணக்குப்படி அன்று தொற்றோடு வந்திருக்கக்கூடியவர்கள் 2,295 பேர், அந்த நிகழ்ச்சியை ஒட்டித் தொற்று பெற்றிருக்கக்கூடியவர்கள் 3,404 பேர். அதே வாரங்களில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் வந்துபோன விம்பிள்டன் டென்னிஸில் அப்படித் தொற்று பெற்றிருக்கக்கூடியவர்கள் 582 பேர். மைதானம் இரண்டும் திறந்தவெளிதான். வித்தியாசம் கூட்டத்தின் வயதில், கூடிப் பாடியதில், கட்டிப்பிடித்ததில், காலையிலிருந்தே தெருவில் குடித்துக்கொண்டு நின்றதில்.

அந்த நாளின் மிகப் பெரிய பாடம் கிருமியைப் பற்றியதே அல்ல. சுமார் 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே புகுந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வாசல்களும் அவசரக் கதவுகளும் 17 முறை கூட்டமாக உடைக்கப்பட்டன. டிசம்பரில் வெளியான லூயிஸ் கேசியின் விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களில் இரண்டு நேராகக் கொரோனா விதிகளிலிருந்தே பிறந்தவை. ஒன்று, 90,000 பேர் மைதானத்தில் 20,000-க்கும் மேல் இருக்கைகள் காலி என்று ஊருக்கே தெரியும். புகுந்துவிட்டால் உட்கார இடம் இருக்கிறது. நிறைந்த மைதானத்தில் இந்தச் சபலம் வராது. இரண்டு, டிக்கெட் இல்லாதவர்கள் கூடிப் பார்க்கப் பெரிய திரை வைத்த ரசிகர் திடல் எதையும் வெம்பிளி அருகே அமைக்கவில்லை. கூட்டம் வேண்டாம் என்று திடலை எடுத்தார்கள், கூட்டம் வாசலுக்கே வந்தது. இருக்கையைக் காலியாக விடும் திட்டத்தில் வாசல் காவலை இருமடங்கு ஆக்கும் வரியும் இருக்கவேண்டும் என்பது அன்றுவரை யாருடைய பட்டியலிலும் முதலில் இல்லை.

ஆகஸ்ட் 13-ல் பிரீமியர் லீக் நிறைந்த கேலரிகளோடு தொடங்கியது. ஒமைக்ரான் வந்ததும் வேல்ஸ் டிசம்பர் 26 முதல் கேலரியை மூடியது, ஸ்காட்லாந்து 500 பேர் என்று வைத்தது. இங்கிலாந்து மூடவில்லை. 10,000 பேருக்கு மேல் கூடும் இடங்களில் தடுப்பூசிச் சான்றோ 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவோ காட்ட வேண்டும் என்று டிசம்பர் 15 முதல் 2022 ஜனவரி கடைசி வரை விதி வைத்தது.

அந்த விதி நடப்பில் இருந்த 2022 ஜனவரி 2 அன்று செல்சீ – லிவர்பூல் ஆட்டத்தில், மைதானப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியோடு நின்று பார்க்கும் கேலரி சோதனையாகத் திறந்தது. இங்கிலாந்தின் மேல் பிரிவுகளில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இல்லாதது. இருக்கைக்கு முன் இடுப்பு உயரக் கம்பி, ஒரு இருக்கைக்கு ஒரு ஆள், தோளோடு தோள். பதினாறு மாதம் முன்பு பிரைட்டனில் 12 இருக்கைக்கு ஒருவர் என்ற அளவில் ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே ரசிகர் கூட்டம், வாசலில் கைபேசியில் கொரோனாச் சான்றைக் காட்டிவிட்டு உள்ளே போய் ஒட்டி நின்றது.